கடவுள் இல்லை என்பவன் சாட்சி செல்லுமா?



சங்கத்தின் மாத மடலில் ஏதேனும் எழுதும்படி காரியதரிசி அவர்கள் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டார்கள். நான் ஆலிம் அல்லன். ஊர் மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் போக மற்றதெல்லாம் கடைப்படிப்புத்தான். ஆயினும் சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஒரு காரியம் என்னைப் பல மாதம் படிக்கவும் பலரிடம் கேட்கவும் வைத்தது. விஷயம் நாஸ்திகம் பற்றியது. தலைப்பைக் கண்டதும் தாளைத் திருப்பிவிடாதீர்கள். ஒருவன் கொள்கையை மறுப்பதற்கும் அவன் என்ன சொல்கிறான் என்று முதலில் சரியாகத் தெரிந்திருக்க வேண்டுமன்றோ?

நடந்தது இதுதான். என் கடையின் பின்சந்தில் ஒரு நாள் காலை ஒரு லாரி வெங்காய மூட்டைகளை இறக்கியது. சரக்கு அடுத்த கடைக்காரருடையது. மூட்டைகளை நான் எண்ணவில்லை. ஆனால் லாரி நிறைய வந்ததையும் காலியாகப் போனதையும் என் கண்ணால் கண்டேன். சில மாதம் கழித்துப் பாதிச் சரக்குத்தான் வந்தது என்று வாங்கியவர் சாதித்தார். விற்றவர் சிறு வியாபாரி. அவர் வழக்குப் போட்டார். எனக்குச் சாட்சிச் சம்மன் வந்தது.

வாங்கியவர் எனக்கு ஊர்க்காரர். ஜும்ஆவில் எனக்கு முன் ஸஃப்பில் நிற்பவர். அவர் வீட்டுக் கலியாணத்தில் நான் பந்தி விசாரித்திருக்கிறேன். மறைப்பானேன், “எனக்குச் சரியாக நினைவில்லை” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவதென்று தீர்மானித்துக்கொண்டுதான் அன்று வீட்டைவிட்டுப் புறப்பட்டேன். பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டது என்றுதானே சொல்லப் போகிறோம் என்று மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுச் சீனர். அந்த ஊர்க்காரரிடம் பல வருஷம் கணக்கு எழுதியவர். கோர்ட்டில் உள்ளதைச் சொல்வேன் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டதால் வேலையை இழந்தவர். வழக்கைப் பற்றி நாங்கள் பேசக்கூடாதுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா? மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினோம்.

“அங்கிள், இந்த வயதில் வேலை போய்விட்டதே, கோயிலில் வேண்டிக்கொண்டீர்களா?” என்றேன்.

“எனக்குக் கோயில் கிடையாது பாய். கடவுளும் கிடையாது. என் தகப்பனார் ஊதுபத்தி கொளுத்துவார். அது அவரோடு போயிற்று” என்றார்.

“அப்படியானால் யாருக்குப் பயந்து இங்கே வந்தீர்கள்?”

அவர் சற்று யோசித்தார். “மூட்டை வந்தது பாய். கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். வரவில்லை என்று சொன்னால் அந்த லாரிக்காரன் எங்கே போவான்?” என்றார். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

என் கையில் தஸ்பீஹ் இருந்தது. அதை உருட்ட முடியவில்லை. என் முறை வந்தபோது லாரி நிறைய வந்தது, காலியாகப் போனது, நான் கண்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அன்றிரவு பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் கேட்டான்: “அத்தா, குர்ஆன் மேல் சத்தியம் செய்யச் சொன்னார்களா?” “இல்லை தம்பி, உண்மை சொல்வேன் என்று உறுதிமொழிதான் சொல்லச் சொன்னார்கள்” என்றேன். அவன் சிங்கப்பூரின் சத்தியப் பிரமாணச் சட்டத்தை எடுத்துப் படித்துக் காட்டினான். இந்து, முஸ்லிம், அல்லது சத்தியம் செய்ய மனச்சாட்சி இடங்கொடாதவன், இவர்கள் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்று அதில் இருக்கிறது. “அப்படியென்றால் அந்த அங்கிள் சொன்னதும் நீங்கள் சொன்னதும் ஒரே வாசகந்தானே அத்தா?” என்றான். ஐந்து வேளை தொழுகிறவனும் கடவுள் இல்லை என்பவனும் ஒரே கூண்டில் ஏறி ஒரே வாசகத்தைச் சொல்லும்படி ஏன் வைத்தார்கள்? அங்கே தொடங்கியதுதான் என் படிப்பு.

முதலில் நாஸ்திகர் என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவது சரியன்று. இறைவன் இல்லை என்று துணிந்து மறுப்பவர் ஒரு வகை. உண்டு இல்லை என்று மனித அறிவால் முடிவு காண இயலாது என்பவர் மற்றொரு வகை. இவர்களுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு பெயரை 1869-ல் தாமஸ் ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானி உண்டாக்கினார். கடவுள் விவாதம் எப்படியாயினும் ஆகுக, மனிதன் மனிதனுக்குச் செய்ய வேண்டியதை மனிதனே யோசித்து முடிவு செய்யவேண்டும் என்பவர் மனிதநேயக் கொள்கையர். எந்த மதத்தையும் சேராமல், ஆனால் முன்னோருக்குத் திதி கொடுத்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 100-க்கு 20 பேர் தமக்கு மதமில்லை என்று பதிந்தார்கள். 2010-ல் இது 17. நம் கடையில் சாமான் வாங்குகிற ஐந்து பேரில் ஒருவர் இவர்.

இவர்கள் இன்று முளைத்தவர்களும் அல்லர். காலந்தான் நம்மை அழிக்கிறது, வேறொன்றுமில்லை என்று வாதித்தவர்களைப் பற்றி ‘ஜாஸியா’ அத்தியாயத்திலேயே இருக்கிறது. நம் கிதாபுகளில் அவர்களுக்குத் தஹ்ரிகள் என்று பெயர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவக்காரர்களைத் தஹ்ரிகள், இயற்கைவாதிகள், இறைநம்பிக்கையுள்ளவர்கள் என்று மூன்றாகப் பிரித்து, அவர்களுடைய நூல்களை முதலில் கற்றுத் தேர்ந்த பிறகே மறுப்பு எழுதினார்கள்.

நிற்க. கோர்ட்டு விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் பழைய சட்டப்படி, பொய்ச்சத்தியம் செய்தால் மறுமையில் தண்டனை உண்டென்று நம்புகிறவனே சாட்சி சொல்லத் தகுந்தவன். இதற்குப் பின்னால் பெரிய அறிஞர்களின் துணையும் இருந்தது. ஜான் லாக் என்பவர் மதங்களுக்குள் சகிப்புத்தன்மை வேண்டுமென்று 1689-ல் எழுதி உலகப் புகழ் பெற்றவர். அவரே நாஸ்திகனுக்கு மட்டும் அந்தச் சகிப்பு இல்லை என்றார். வாக்குறுதி, ஒப்பந்தம், சத்தியம் ஆகியவை அவனைக் கட்டா என்பது அவர் சொன்ன காரணம். வியாபாரிகளாகிய நமக்கு இந்தக் காரணம் உடனே புரியும். கடன் கொடுப்பவன் முதலில் பார்ப்பது வாங்குகிறவனுக்கு எதிலாவது பயம் உண்டா என்பதைத்தானே?

ஆனால் லாக் எழுதுவதற்குச் சில வருஷம் முன்பே, பியேர் பேல் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு நேர்மாறாக எழுதியிருந்தார். 1680-ல் வானத்தில் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று தோன்றி ஜனங்கள் நடுங்கினார்கள். அந்தப் பயத்தைப் பற்றி எழுதத் தொடங்கியவர் வேறெங்கோ போய்விட்டார். மனிதர் நடப்பது அவர்கள் நம்பும் கொள்கையின்படி அன்று. பழக்கம், மானம், ஆசை இவற்றின்படியே என்றும், ஆகவே நாஸ்திகர் மட்டுமே வாழும் ஓர் ஊர் இருந்தாலும் அங்கும் ஒழுங்கு இருக்கக்கூடும் என்றும் வாதித்தார். நரகத்தை நம்புகிற நாட்டில் திருடர் இல்லையா என்பது அவர் கேள்வியின் சாரம். இதை என் மகன் வாசித்தபோது எனக்கு என் ஊர்க்காரரைவிட முன்னதாக என் ஞாபகமே வந்தது.

அந்தப் பழைய சட்டத்தை முதலில் அசைத்த வழக்குகளில் ஒன்று நம் போன்ற ஒரு வியாபாரியின் வழக்குத்தான். 1740-களில் கல்கத்தாவின் இந்து வியாபாரி ஒருவர், பார்க்கர் என்ற ஆங்கிலேயரிடமிருந்து வரவேண்டிய பணத்துக்கு லண்டனில் வழக்குத் தொடுத்தார். சாட்சிகள் கிறிஸ்தவர் அல்லர். தங்கள் வழக்கப்படி பிராமணரின் பாதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தவர்கள். அது செல்லுமா? செல்லும் என்று தீர்ப்பாயிற்று. உலகெங்கும் வியாபாரம் செய்ய வந்துவிட்டு, அந்த ஊர்க்காரனின் சாட்சியம் செல்லாது என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைத் தாழிட்டது. தண்டிக்கும் கடவுள் ஒருவர் உண்டென்று நம்பினால் எந்த மதத்தானும் வரலாம், நம்பாதவன் வரக்கூடாது.

இதன் விளைவு என்ன ஆயிற்று என்பதை ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற அறிஞர் 1859-ல் வெளியான தமது சுதந்தரம் பற்றிய நூலில் சொல்கிறார். 1857 ஆகஸ்டில் லண்டன் போலீஸ் கோர்ட்டு ஒன்றில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் திருட்டுப் புகார் கொடுத்தார். கடவுளை நம்புகிறீரா என்று கேட்டார்கள். இல்லை என்று உள்ளதைச் சொன்னார். சத்தியம் செய்ய முடியாதவர் என்று அவருடைய புகாரை எடுக்கவில்லை. பொருளைத் திருடினவன் வெளியே போனான்! அதே வருஷம் வேறு இருவரை இதே காரணத்துக்காக ஜூரியிலிருந்து நீக்கினார்கள்.

இங்கே மில் காட்டும் கணக்கு ஒரு கடைக்காரன் போடும் கணக்கைப்போல் நேரானது. நாஸ்திகன் எல்லாம் பொய்யன் என்பது சட்டத்தின் எண்ணம். சரி, பொய் சொல்லத் துணிந்த நாஸ்திகன் கூண்டில் ஏறி என்ன செய்வான்? “நம்புகிறேன்” என்று ஒரு பொய் சொல்லிவிட்டுச் சாட்சியாகிவிடுவான். அவமானம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் பொய் சொல்லமாட்டேன் என்கிற நாஸ்திகன் ஒருவன்தான் வெளியே தள்ளப்படுவான். ஆக, பொய்யனைத் தடுக்கப் போட்ட வேலி மெய்யனை மட்டும் தடுக்கிறது. இதை நான் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். என் ஊர்க்காரரும் நானும் அந்த வேலிக்குள் தாராளமாகப் போயிருப்போம். அந்தச் சீனர் வெளியே நின்றிருப்பார்.

நம் பக்கத்தையும் சொல்லவேண்டும். நம் பழைய ஃபிக்ஹ் கிதாபுகளிலும் முஸ்லிமுக்கு எதிராக முஸ்லிம் அல்லாதவரின் சாட்சியம் பெரும்பாலும் ஏற்கப்படவில்லை. பிரயாணத்தில் மரணசாசனம் செய்யும்போது வேறு ஆள் கிடைக்காவிட்டால் ஏற்கலாம் என்று ‘மாயிதா’ அத்தியாயத்தின் ஆதாரத்தைக் கொண்டு ஹன்பலி மத்ஹபினர் இடம் தருகிறார்கள். ஆகவே இங்கிலாந்துக்காரரைப் பார்த்து மட்டும் நாம் சிரிப்பதற்கில்லை.

சட்டம் மாறிய கதையில் நமக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. 1840-ல் கல்கத்தாவிலிருந்து ஆண்ட கம்பெனி சர்க்கார் தனது 5-வது சட்டத்தில், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கோர்ட்டில் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி போதும் என்றது. கோர்ட்டில் சத்தியம் செய்ய நம் பெரியோர் பலரின் மனம் ஒப்பவில்லை என்பதே காரணம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அப்போது அதே சர்க்காரின் கீழ் இருந்தன. அன்றைய உறுதிமொழியில் சர்வ வல்லமையுள்ள இறைவனின் முன்னிலையில் என்ற சொல் இருந்ததென்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நாஸ்திகருக்கு இவ்வுரிமை கோர்ட்டில் கிடைத்தது 1869-ல்தான். அதாவது பக்தியின் மிகுதியால் சத்தியம் செய்யத் தயங்கியவர்களுக்காகத் திறந்த வாசல் வழியாகவே, பக்தியில்லாதவரும் பிற்காலத்தில் உள்ளே வந்தார்.

கோர்ட்டில் கிடைத்த உரிமை பாராளுமன்றத்தில் கிடைக்கவில்லை. சார்லஸ் பிராட்லா என்ற நாஸ்திகர் 1880-ல் நார்தாம்டன் தொகுதியில் ஜெயித்து வந்து, உறுதிமொழி கூறுகிறேன் என்றார். கூடாது என்றார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். நம்பாதவன் சத்தியம் செய்வதும் கூடாது என்றார்கள்! ஓர் இரவு பாராளுமன்ற மணிக்கூண்டில் காவலிலும் வைத்தார்கள். வெளியேற்ற வெளியேற்ற அந்த ஊர் ஜனங்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1886-ல்தான் அவரால் உட்கார முடிந்தது. அவர் முயற்சியால் 1888-ல் வந்த சட்டம் எல்லா இடத்திலும் உறுதிமொழிக்கு வழி செய்தது. இந்தியாவின் குறைகளை ஓயாமல் எடுத்துப் பேசியதால் அவருக்கு ‘இந்தியாவின் அங்கத்தினர்’ என்றே பெயர் வந்தது. 1889-ல் பம்பாய் காங்கிரஸுக்கும் வந்தார். 1891-ல் அவர் இறந்தபோது அடக்கத்துக்குப் போனவர்களில் லண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர்.

இவரைவிட எனக்கு நெருங்கினவராகத் தோன்றுகிறவர் ஜார்ஜ் ஹோலியோக். பர்மிங்ஹாம்காரர், 1817-ல் பிறந்தவர். 1842-ல் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிரசங்கம் செய்து முடித்ததும் ஒருவர் எழுந்து, கடவுளைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டார். ஏழை ஜனங்கள் இருக்கும் வறுமையில் மதத்துக்குச் செலவிட அவர்களுக்கு வகையில்லை என்ற கருத்தில் ஹோலியோக் பதில் சொன்னார். தெய்வ நிந்தனை என்று ஆறு மாதம் சிறை. அவர் சிறையிலிருந்த வேளையில் அவருடைய சிறு பெண் குழந்தை இறந்துபோயிற்று. பிள்ளை பெற்றவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். மதத்தைக் காப்பதற்காக அவரை உள்ளே வைத்தவர்கள் அதனால் மதத்துக்கு எந்தக் கௌரவத்தைத் தேடிக்கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

வெளியே வந்தவர் பழிவாங்கும் பிரசங்கத்தில் வாழ்நாளைக் கழித்துவிடவில்லை. மறுமையைப் பற்றிய வழக்கை ஒருபுறம் வைத்து, இவ்வுலகில் மனிதனுக்கு ஆகவேண்டியதை இவ்வுலக அறிவைக்கொண்டு செய்வோம் என்ற தமது கொள்கைக்கு 1851-ல் ‘செக்யுலரிஸம்’ என்று பெயரிட்டார். இன்று எல்லா நாட்டு அரசியலிலும் அடிபடும் அந்தச் சொல் இவர் உண்டாக்கியது.

இவர் கொண்டாடி எழுதிய கதை ஒரு மளிகைக் கடையின் கதை. ராச்டேல் என்ற நெசவு ஊரில் அக்காலத்தில் கடைக்காரர்கள் கலப்படம் செய்வதும், எடை குறைப்பதும், கடனைக் கொடுத்துத் தொழிலாளியைக் கட்டி வைப்பதும் வழக்கமாயிருந்தன. 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ல் தோட் லேன் என்ற சந்தில் ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி, சரக்கு அவ்வளவுதான். அவர்கள் வைத்துக்கொண்ட விதிகளைக் கேளுங்கள்: கலப்படமில்லாத சரக்கு, முழு எடை, ரொக்க வியாபாரம், லாபத்தை வாங்கின அளவுக்கேற்பப் பங்கிடுதல், ஆளுக்கு ஒரு வோட்டு. அத்துடன் கடைக்குள் மதச்சண்டையும் கட்சிச்சண்டையும் கூடாது. அந்த 28 பேரில் கோயிலுக்குப் போகிறவரும் இருந்தார்கள். எல்லா மதங்களையும் மறுத்த ராபர்ட் ஓவனைப் பின்பற்றியவர்களும் இருந்தார்கள். தராசு இருவருக்கும் ஒன்றாக இருந்தது. இன்று உலகமெங்கும் உள்ள கூட்டுறவுக் கடைகள் இந்தச் சந்துக்கடையை முன்மாதிரியாகக் கொண்டவை. 1973-ல் தோபாயோவில் தொழிற்சங்கத்தார் கூட்டுறவு முறையில் திறந்த பேரங்காடியும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அதனால் நம் போன்ற சில்லறைக் கடைகளுக்கு வந்த போட்டியைப் பற்றி எழுத இது இடமில்லை!

அளவில் மோசம் செய்பவர்களைப் பற்றி நமக்கு ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. ஷுஐபு நபி (அலை) அவர்கள் மத்யன் ஜனங்களிடம் ஓயாமல் சொன்னதும் அளவையும் நிறுவையும் பற்றித்தான். நாம் ஓதுவதை அவர்கள் ஓதாமலே செய்தார்கள் என்பது நமக்குப் பெருமையா, சிறுமையா?

சரி, இறைவன் கட்டளை இல்லாமல் நல்லது கெட்டது எங்கிருந்து வருகிறது? மனிதநேயக் கொள்கையர் சொல்லும் பதில் சுருக்கமாக இது. மனிதன் தனியே வாழ முடியாதவன். பிறர் துன்பத்தைக் கண்டால் அவன் மனம் இயல்பாகவே நோகிறது. நம்பிக்கை இல்லாவிடில் கூட்டு வாழ்வு கெடும் என்பதை அனுபவம் கற்பிக்கிறது. இந்த நோவையும் அனுபவத்தையும் அறிவால் சீர்தூக்கி வகுப்பதே ஒழுக்கம். 1952-ல் பல நாட்டு மனிதநேயச் சங்கத்தார் ஆம்ஸ்டர்டாமில் கூடி இதை ஓர் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். 2022-லும் அதைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் இன்னொன்றும் கேட்கிறார்கள். நரகத்துக்குப் பயந்தும் சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டும் செய்வது நன்மையா, வியாபாரமா? இந்தக் கேள்வியைக் கண்டு கோபப்படுவதற்கு முன், பஸரா நகரத்து ராபியா அம்மையாரைப் பற்றி மதரஸாவில் கேட்ட கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் நெருப்பும் ஒரு கையில் தண்ணீரும் ஏந்திப் போனார்களாம். சொர்க்கத்தை எரித்து நரகத்தை அணைத்துவிட்டால் ஜனங்கள் இறைவனை இறைவனுக்காகவே வணங்குவார்கள் என்றார்களாம். நாஸ்திகர் வெளியிலிருந்து கேட்பதை அந்த அம்மையார் உள்ளிருந்தே கேட்டிருக்கிறார்கள்.

நன்மையை அறிவு தானாக அறியுமா என்பதும் நம் இமாம்கள் வாதித்த மஸ்அலாதான். அறியும் என்று முஃதஸிலாக்கள் ஒரு கோடியில் நின்றார்கள். இறைவன் ஏவியதால்தான் ஒன்று நன்மையாகிறது என்று அஷ்அரீ இமாம் வழியினர் சொன்னார்கள். பலவற்றின் நன்மை தீமையை அறிவு கண்டுகொள்ளும் என்று மாதுரீதீ இமாம் வழியினர் நடுவில் நின்றார்கள். ஷாஃபியான மரைக்காயர்கள் பெரும்பாலும் முன்னதையும், ஹனஃபியான ராவுத்தர்கள் பின்னதையும் சார்ந்தவர்கள். ஒரே பள்ளியில் தொழுதுகொண்டே இவ்வளவு பெரிய விஷயத்தில் இரண்டாக இருந்திருக்கிறோம்! என்னிடம் கேட்டால், தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்த அன்று முதல் மாதுரீதீ இமாமின் பக்கமே என் மனம் சாய்கிறது.

அதற்கு ஸீராவிலேயே ஆதாரம் இருக்கிறது. யமன் நாட்டு ஸபீதிலிருந்து ஒரு வியாபாரி சரக்குடன் மக்காவுக்கு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற பெரிய மனிதர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். வெளியூர்க்காரருக்கு யார் பேசுவார்? அவர் மலைமேல் ஏறி நின்று முறையிட்டார். அதைக் கேட்டு அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் குறைஷிகளில் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவன் எவனாயினும் அவன் உரிமையை வாங்கிக் கொடுப்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாலிபப் பருவத்தில் அதில் கலந்துகொண்டார்கள். நபித்துவம் வந்த பின்பும், அப்படியொன்றுக்கு இன்று அழைத்தாலும் இணங்குவேன் என்ற கருத்தில் அதைப் போற்றிச் சொன்னார்கள்.

அந்தக் குறைஷிகள் நாஸ்திகர் அல்லர்தான். ஆனால் மறுமையைப் பெரும்பாலும் மறுத்தவர்கள். மக்கிய எலும்புக்கு உயிர் ஏது என்று பரிகசித்தவர்கள். இங்கிலாந்தின் பழைய சட்டப்படி அவர்களில் பலருடைய சாட்சியம் செல்லாது. அவர்கள் செய்த உடன்படிக்கையை நாயகம் (ஸல்) அவர்கள் செல்லும் என்று வைத்தார்கள். ஹிஜ்ரத்தின்போது இரு ஒட்டகங்களையும் தம் உயிரையும் நம்பி ஒப்படைத்து வழிகாட்ட அழைத்துக்கொண்ட இப்னு உரைகித்தும் அப்போது முஸ்லிம் அல்லர்.

தமிழராகிய நமக்கு நாஸ்திகம் என்றதும் பெரியார் ஈ.வெ.ரா. நினைவே வரும். அவரும் ஈரோட்டு மண்டிக்காரர், வியாபாரக் குடும்பம். 1929-லும் 1954-லும் இப்பக்கம் வந்திருக்கிறார். ஆங்கில நாட்டார் ஒழுக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். அவர் கேட்டது வேறு: மதம் கீழே கிடக்கிறவனை என்ன செய்தது? தீண்டாமையைக் கண்டு வந்த கேள்வி அது. மீலாது மேடைகளில் பேசினார். 1947-ல் திருச்சியில், பிறவி இழிவு நீங்க இஸ்லாத்துக்குப் போவதே மருந்து என்றார். நம்மவர் அந்தப் பாராட்டை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு, கடவுள் இல்லை என்று அதே வாய் சொன்னதைக் கேளாததுபோல் இருந்துவிட்டோம். பாராட்டுகிறபோது அவர் சாட்சியம் செல்லும், மறுக்கிறபோது செல்லாது என்பது என்ன நியாயம்? அவருடைய கேள்வியை நம் ஜமாஅத்துக்குள்ளும் கேட்டுப் பார்க்கலாம். ஊர், வம்சம் பார்த்துப் பெண் கொடுக்க மறுக்கிறவர்கள் நம்மில் இல்லையா?

இவ்வளவு எழுதியதால் நான் அவர்கள் பக்கம் போய்விட்டேன் என்று எவரும் நினைக்கவேண்டாம். கடவுள் மறுப்பைச் சர்க்கார் உத்தரவாக்கிய நாட்டின் கதையும் எனக்குத் தெரியும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அல்பேனியாவில் 1967-ல் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் எல்லாம் மூடினார்கள். 1990 வரை அந்தத் தடை நீடித்தது. ஹோலியோக்கைச் சிறை வைத்தவர்கள் செய்ததையே இவர்கள் பெரிய அளவில் செய்தார்கள்.

எனக்கும் அவர்களுக்கும் வேறுபாடு வேறிடத்தில். பிறர் துன்பம் கண்டால் மனம் நோகும் என்கிறார்கள். மெய்தான்; ஆனால் லாரிக்காரரை அந்தச் சீனர் கண்டிருந்தார். நான் காணாத மனிதரின் துன்பம் என் மனத்தை எப்படி எட்டும்? இரவில் கடையைச் சாத்திக்கொண்டு தனியே மூட்டை பிரிக்கும்போது, எங்கோ விளைவித்தவனும் நாளைக்கு வாங்கப்போகிறவனும் என் கண்ணில் இல்லை. சட்டமும் கல்வியும் அதைக் கவனிக்கும் என்பது அவர்கள் பதில். எனக்கு அது போதவில்லை. ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைவு வேண்டியிருக்கிறது.

ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது? அந்த நினைவு என்னிடம் இருந்தது. தஸ்பீஹ் கையில் இருந்தது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதையும், சாட்சி அழைக்கப்பட்டால் மறுக்கலாகாது என்பதையும் பற்றியது என்று சிறு வயதிலேயே ஓதியிருக்கிறேன். உறவினருக்குப் பாதகமானாலும் சாட்சியத்தைக் கோணலாக்கக்கூடாது என்று ‘நிஸா’ அத்தியாயத்தில் இருப்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டேதான் “நினைவில்லை” என்ற சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை விழுங்க வைத்தது கடவுள் இல்லை என்ற ஒரு மனிதரின் பேச்சு. இதை நம் ஆலிம்சா ஒருவரிடம் சொன்னேன். “அவரை அந்தப் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தது யார் என்று நினைக்கிறீர்?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அங்கிளிடம் இதைச் சொன்னபோது, “சம்மன் அனுப்பியது கோர்ட்டு, பாய்” என்றார்.

வழக்கு விற்றவர் பக்கம் தீர்ந்தது. என் ஊர்க்காரர் சில வாரம் முகம் கொடுக்கவில்லை. பெருநாளன்று முஸாபஹா செய்தார். அந்தச் சீனர் இப்போது மாலையில் இரண்டு மணி நேரம் என் கடையில் கணக்கு எழுதுகிறார். நான் அஸருக்குப் போகும்போது கல்லாச் சாவி அவரிடம் இருக்கும். வந்த முதல் வாரமே என் பற்றுவரவில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். வாடிக்கைக்காரர் ஒருவருக்கு நான் 14 வெள்ளி திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று.